பட்டறை மூலையில் ஒரு மொழி யந்திரம்

கோயம்புத்தூரில் பம்புசெட்டு செய்கிறவர்களிடமும், திருப்பூரில் பனியன் தைத்துக் கடல் கடந்து அனுப்புகிறவர்களிடமும், ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளியும் மொத்தமாக வாங்கி விற்கிறவர்களிடமும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சை எடுத்தால், அவர்கள் அதன் அற்புதங்களைக் கேட்டு வியப்பதற்கு முன்பாக, "ஏனுங்க, நம்ம கணக்கு வழக்கையெல்லாம் அதுகிட்டச் சொன்னா, அது எங்கீங்க போய்ச் சேருது?" என்றுதான் கேட்கிறார்கள். வியாபாரத்தில் பழுத்த அனுபவம் கேட்கிற கேள்வி அது. அதற்கு மழுப்பாமல் விடை சொல்வதானால், நாம் தட்டெழுதுகிற ஒவ்வொரு வாக்கியமும் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள யாரோ ஒருவருடைய கணினிக் கூடத்துக்குச் சென்று, அங்கே பரிசீலிக்கப்பட்டு, பதிலாகத் திரும்பி வருகிறது என்றும், அங்கே அது எத்தனை நாள் தங்கும், யார் பார்வையில் படும் என்பதெல்லாம் அவர்களுடைய நிபந்தனைகளைப் பொறுத்த விஷயம் என்றும் சொல்லத்தான் வேண்டும். வார்ப்படத்துக்கு எந்த உலோகத்தை என்ன விகிதத்தில் சேர்க்கிறோம், வெளிநாட்டு பையர் ஓர் உருப்படிக்கு என்ன விலை பேசினார், இம்பெல்லரின் வரைபடத்தில் எந்த வளைவைத் திருத்தினோம் என்பவை ஒரு தொழிலின் ஜீவநாடி. ஊர் ஊராக அனுப்பி வைக்கிற சரக்கல்ல. வேலையாட்களின் பெயரும் சம்பளமும் வங்கிக் கணக்கும் அடங்கிய ஏடுகளைப் பொறுத்தவரையிலோ, 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து நம்மை எச்சரிக்கிறது.

இதற்கு இன்னொரு விடையும் இருக்கிறது. நம் விஷயங்களை அந்த யந்திரத்திடம் அனுப்புவதற்குப் பதிலாக, அந்த யந்திரத்தையே நம் அறைக்கு அழைத்துக்கொண்டுவிடலாம்.

பெரிய மொழி மாடல் என்று இன்று சொல்லப்படுவது, புறத்தோற்றத்தை நீக்கிப் பார்த்தால், கோடிக்கணக்கான எண்கள் அடங்கிய ஒரு கோப்பு. அந்த எண்களைக் கண்டுபிடிப்பதற்கு ஆயிரக்கணக்கான கணிப்பொறிச் சில்லுகள் மாதக்கணக்கில் உழைக்கவேண்டும். அதைப் பயிற்சி என்கிறார்கள். அது நம்மால் ஆகிற காரியமன்று. ஆனால் பயிற்சி முடிந்து உருவான கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, கேள்வியைக் கொடுத்து விடையை வருவித்துக்கொள்வது வேறு காரியம். அதற்கு இன்ஃபரன்ஸ் என்று பெயர். அந்தக் காரியத்தை இடைவிடாமல் செய்துகொண்டு, அலுவலகத்திலுள்ள மற்றக் கணினிகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்படி ஒரு கணினியை அமைத்துவிட்டால், அதுவே நம் சொந்த சர்வர். 2023 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் லாமா என்ற மாடலை வெளியிட்டபோது, அதை ஓட்டுவதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவை என்றே எல்லோரும் எண்ணினார்கள். மறுமாதமே பல்கேரியாவைச் சேர்ந்த கியார்கி கெர்கானோவ் என்பவர் லாமா.சிபிபி என்ற நிரலை எழுதி, மடியில் வைத்துக்கொள்ளும் கணினியிலேயே அதை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பின் கூகிளின் ஜெம்மா, பிரான்ஸிலிருந்து மிஸ்ட்ரல், சீனத்திலிருந்து குவென் என்று, இறக்கிக்கொண்டு சொந்தமாக ஓட்டக்கூடிய மாடல்கள் வரிசையாக வந்துவிட்டன.

எல்லாவற்றையும் சொந்தத்தில் வைத்துக்கொள்வதே மேன்மை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கோவையின் சரித்திரத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 1888-இல் இங்கே முதல் நூற்பாலை தோன்றியிருந்தபோதிலும், 1932-இல் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் மலையிறங்கி வந்த பிற்பாடுதான் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. ஒவ்வோர் ஆலைக்காரரும் தமக்கென்று ஒரு மின் நிலையம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. எங்கிருந்தோ வந்த சக்தியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். ஆயினும் 1937-ஆம் ஆண்டில் கோவைத் தொழிலதிபர்களான ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை இந்த ஊரிலேயே செய்து காட்டியபோது, அந்தச் சக்தியை வேலையாக மாற்றுகிற சாதனத்தின் சூட்சுமம் ஊருக்குள் வந்துவிட்டது. ஆகவே, ஊரறிந்த விஷயங்களுக்குத் தொலைவிலுள்ள பெரிய மாடலைக் கூசாமல் உபயோகித்துக்கொண்டு, வெளியே போகக்கூடாதவற்றுக்கு மட்டும் சொந்த சர்வரை வைத்துக்கொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

கோவையின் பீளமேட்டிலோ கணபதியிலோ ஒரு சிறு பட்டறைக்காரர் இதற்குத் துணிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போனவுடன் அவருக்குச் சொல்லப்படுவது கிராபிக்ஸ் கார்டு என்ற ஒரு பொருளைப் பற்றியும் அதன் விலையைப் பற்றியும்தான். ஆனால் வாங்குவதற்கு முன்பு போடவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தத் துறையின் பாதி ரகசியம் அந்தக் கணக்கிலேதான் அடங்கியிருக்கிறது.

2024 ஜூலையில் வெளிவந்த லாமா 3.1 வரிசையில் சிறிய மாடலை எடுத்துக்கொள்ளலாம். அதில் சுமார் 800 கோடி எண்கள் இருக்கின்றன. ஓர் எண்ணுக்கு 2 பைட் வீதம் எழுதினால் மொத்தம் 16 ஜிகாபைட் ஆகிறது. சாதாரணமாக வாங்கக்கூடிய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிகாபைட் நினைவகமே உள்ளதாகையால், கோப்பு அதற்குள் நுழையவே மாட்டாது. இந்தச் சங்கடத்துக்கு நிபுணர்கள் கண்ட பரிகாரம், எண்களின் நுணுக்கத்தைக் குறைத்துவிடுவது. பதினாறு பிட்டில் எழுதிய எண்ணை ஏறக்குறைய நான்கு பிட்டுக்குச் சுருக்கி, சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பொது அளவுகோலைக் குறித்து வைக்கிறார்கள். இதற்குக் குவாண்டைசேஷன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இப்படிச் சுருக்கிய கோப்பு 5 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. விடைகளின் தரத்தில் சிறு நஷ்டம் உண்டு. நான்கு பிட் வரையில் அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத்தக்கது, அதற்கும் கீழே போகப் போக மாடல் உளறத் தொடங்கும்.

கோப்பு உள்ளே அடங்குவது ஒன்று. அது வேகமாக விடை சொல்வது மற்றொன்று. கொங்கு நாட்டு விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், வாய்க்காலுக்கு வந்து சேருவது குழாயின் விட்டத்தைப் பொறுத்துத்தானே! நினைவகத்தின் கொள்ளளவு கிணறு என்றால், அதிலிருந்து ஒரு வினாடிக்கு எத்தனை ஜிகாபைட் படிக்க முடியும் என்பது குழாய். மாடல் தன் விடையை டோக்கன் என்னும் சிறு சிறு துணுக்குகளாக ஒவ்வொன்றாய் உண்டாக்குகிறது. ஒவ்வொரு துணுக்குக்கும் அந்த 5 ஜிகாபைட் முழுவதையும் ஒரு முறை படித்தாகவேண்டும். மேற்சொன்ன கார்டின் நினைவகத்தை வினாடிக்கு 360 ஜிகாபைட் படிக்கலாம். ஆகவே, வேறு எந்தத் தடையும் இல்லையென்றாலும், வினாடிக்குச் சுமார் 70 துணுக்குகளுக்கு மேல் வராது. கார்டே வேண்டாமென்று சாதாரணக் கணினியின் டிடிஆர்4 நினைவகத்தில் ஓட்டினாலோ, வினாடிக்கு 51 ஜிகாபைட்தான். சுமார் 10 துணுக்குகளோடு நின்றுவிடும். விலைப்பட்டியலில் கொள்ளளவைப் பெரிய எழுத்திலும் இந்த வேகத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது கடைக்காரர்களின் வழக்கம்.

அடுத்து வருவது சம்பாஷணையின் ஞாபகம். மாடல் ஒரு விடையை எழுதிக்கொண்டிருக்கும்போது, அதுவரை படித்ததையெல்லாம் மறுபடியும் ஆதியிலிருந்து கணக்கிட்டுக்கொண்டிராமல், ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு குறிப்பை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. லாமா 3.1 சிறிய மாடலில் ஒரு துணுக்குக்கு 128 கிலோபைட் இவ்வாறு செலவாகிறது. 8,192 துணுக்குகளுக்கு 1 ஜிகாபைட். ஒரே சமயத்தில் நான்கு பேர் தலைக்கு அவ்வளவு நீளமாகப் பேசினால் 4 ஜிகாபைட். கோப்பையும் சேர்த்தால் 9 ஜிகாபைட்; நம் 12 ஜிகாபைட் கார்டில் அமைதியாகக் குடித்தனம் நடத்தலாம். "இந்த மாடல் 1,31,072 துணுக்குகள் வரை ஏற்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அந்த எண்ணை அப்படியே நிரப்பினாலோ, குறிப்புகளுக்கு மட்டுமே 16 ஜிகாபைட் கேட்டு சர்வர் எழுந்திருக்காமலே படுத்துவிடும்.

இதுவரை சொன்னது எந்த ஆங்கிலக் கையேட்டிலும் கிடைக்கும். தமிழில் எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கு இப்படியே பொருந்துவதில்லை என்பதுதான், அந்தக் கையேடுகளில் இல்லாத விஷயம்; நாம் சற்று நின்று பார்க்கவேண்டியதும் அதையே.

'கோயம்புத்தூர்' என்று எழுதினால் நம் இலக்கணப்படி ஏழு எழுத்து. கணினி கையாளும் யூனிகோடு முறையிலோ, மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 13 குறியீடுகள். ஒவ்வொரு குறியீடும் கோப்பில் 3 பைட் பிடிப்பதால் 39 பைட். அதே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட், தீர்ந்தது. இந்த வேற்றுமை தமிழறிஞர்களுக்குப் புதிதன்று. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இதே கோவையில், கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, உடன் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுக்கிற டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. எழுத்துக்கு ஓரிடம் என்ற அந்த வாதம் அச்சுத் தொழிலாளருக்கு உகந்ததாக இருந்தது. உலகமோ யூனிகோடின் வழியே போய்விட்டது. மொழி மாடல்கள் தமிழைக் கற்றுக்கொண்டதும் யூனிகோடில் எழுதப்பட்ட பக்கங்களிலிருந்துதான்.

மாடல் எழுத்தையோ சொல்லையோ நேரடியாகக் காண்பதில்லை. அதனிடம் துணுக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு. கொடுத்த வாக்கியத்தை அந்தப் பட்டியலிலுள்ள துணுக்குகளாக முதலில் வெட்டிக்கொள்கிறது. அடிக்கடி வருகிற ஆங்கிலச் சொற்கள் பட்டியலில் முழுசாகவே இடம்பெற்றிருப்பதால், பல சொற்கள் ஒரே துணுக்கோடு முடிந்துவிடும். லாமா 2 மாடலின் பட்டியலில் 32,000 துணுக்குகள் இருந்தன. அவற்றில் தமிழுக்குக் கிடைத்த இடம் சொற்பம். பட்டியலில் இல்லாத தமிழ்க் குறியீடு பைட் பைட்டாக உடைக்கப்பட்டு, ஒரு குறியீடே மூன்று துணுக்காகிவிடும். இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக அபினந்த் பாலச்சந்திரன் என்பவர், அந்தப் பட்டியலில் 16,000 தமிழ்த் துணுக்குகளைச் சேர்த்து, தமிழ்-லாமா என்ற மாடலை 2023 நவம்பரில் வெளியிட்டார். பெங்களூரிலுள்ள சர்வம் நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட சர்வம்-1 என்ற மாடல், தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய பாஷைகளுக்கென்றே பட்டியலைப் புதிதாக வகுத்தது. மற்றப் பன்மொழி மாடல்களில் இந்திய பாஷைச் சொல் ஒன்றுக்கு 4 முதல் 8 துணுக்குகள் செலவாகத் தங்கள் மாடலில் 1.4 முதல் 2.1 வரையே ஆவதாக அந்த நிறுவனத்தார் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது பட்டறைக்காரரின் கணக்குக்குத் திரும்புவோம். அவர் தேர்ந்தெடுத்த மாடல் தமிழ்ச் சொல் ஒன்றுக்கு 8 துணுக்குகள் பிடிப்பதாக இருந்தால், வினாடிக்கு 70 துணுக்கு என்ற வேகம் 9 சொல்லுக்குக் குறைந்துவிடும். கார்டில்லாத கணினியில் வினாடிக்கு ஒரு சொல்லுக்குச் சற்று அதிகம். மாடல்களை ஓட்டுவதற்குப் பலருக்குப் பழக்கமான ஒலாமா என்ற மென்பொருளில் சம்பாஷணையின் நீளம், நாம் மாற்றாதவரையில், நெடுங்காலம் 2,048 துணுக்குகளாகவும் பின்னர் 4,096 ஆகவும் இருந்துவந்தது. ஆங்கிலத்தில் 4,096 என்பது மூவாயிரம் சொல்லுக்கு அருகில் வரும். நம் உதாரணத்திலோ 512 தமிழ்ச் சொல். இரண்டு பக்க வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்து, "முன்பணம் எவ்வளவு?" என்று கேட்டால், ஒப்பந்தத்தின் ஒரு பகுதி உள்ளேயே போகாமல் விடுபட்டிருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது, மாடல் மீதியைப் படித்துவிட்டு முழுவதையும் படித்த பாவனையில் பதில் சொல்லும். மாடலுக்குத் தமிழ் தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் நேர்ந்திருப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன். விடையின் நீளத்துக்கு வைக்கிற வரம்பும் அப்படியே. ஆங்கிலத்துக்குத் தாராளமான 256 துணுக்கு, தமிழில் 32 சொற்களிலேயே வாக்கியத்தின் நடுவில் அறுந்துவிடும். ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகள் தனித்தனியே வந்து சேரும்போது, சரியாக எழுதப்படாத சில மென்பொருள்கள் எழுத்து நிறையும்வரை பொறுக்காமல், கேள்விக்குறி அடங்கிய கறுப்புச் சாய்சதுரத்தைக் காட்டுவதும் உண்டு. ஆகவே தமிழில் வேலை வாங்க நினைக்கிறவர், கார்டு வாங்குவதற்கு முன்பே, தம் சொந்தக் கடிதங்களில் சிலவற்றை இரண்டு மூன்று மாடல்களின் துணுக்குப் பட்டியலில் போட்டுச் சொல்லுக்கு எத்தனை ஆகிறது என்று எண்ணிப் பார்ப்பது நலம். அதற்குக் காசு செலவில்லை. அதே சமயத்தில், குறைந்த துணுக்கு என்பது நிறைந்த அறிவுக்கு அத்தாட்சி ஆகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். சர்வம்-1 மாடலில் உள்ளவை 200 கோடி எண்களே. சிக்கனமாகத் தமிழ் பேசுகிற சிறிய மாடலையும், தாராளமாகச் செலவழித்துக்கொண்டு கூடுதலாக யோசிக்கிற பெரிய மாடலையும் அருகருகே வைத்துப் பரீட்சித்தே முடிவு செய்யவேண்டும்.

மென்பொருளைத் தேர்வது இவ்வளவு சிரமமன்று. தனி ஒருவருக்கும் சிறு அலுவலகத்துக்கும் ஒலாமா சௌகரியமானது; ஒவ்வொரு திருகையும் தாமே திருகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு லாமா.சிபிபி, ஒரே சமயத்தில் பலர் கேட்கிற இடத்துக்குக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2023-இல் உருவான விஎல்எல்எம். இந்த மூன்றாவது, சம்பாஷணைக் குறிப்புகளைச் சிறு பக்கங்களாகப் பிரித்துக் காலியிடம் கண்டவிடத்தில் வைப்பதனால், நினைவகம் வீணாவது மிகக் குறைவு. ஒலாமா ஐந்து நிமிஷம் யாரும் கேட்காவிட்டால் மாடலை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். தேநீர் குடித்துவிட்டு வந்து கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் தாமதமாவது அதனால்தான். இறக்காமலே வைத்திருக்கும்படி சொல்ல வழியுண்டு.

இனி, சர்வருக்குள் வருகிற வாசலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் ரகசியத்துக்காகவே இவ்வளவும் செய்தவர்கள் அந்த ரகசியத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். சர்வர் 127.0.0.1 என்ற முகவரியில் காது கொடுத்தால், அதே கணினியில் அமர்ந்திருப்பவர் மட்டுமே அதோடு பேசலாம். அலுவலகத்திலுள்ள மற்றவர்களும் பேசவேண்டுமென்று 0.0.0.0 என்று மாற்றுகிறார்கள். அதன் பொருள், எந்த வழியாக வருகிறவருக்கும் பதில் சொல் என்பது. அதன் மேல், வீட்டிலிருந்தும் கேட்கலாமே என்ற ஆசையில் ரவுட்டரில் 11434 என்ற ஒலாமாவின் வாசலை இணையத்துக்குத் திறந்துவிட்டால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். மாடலை அழித்துவிட்டும் போகலாம். லாமா.சிபிபியிலும் விஎல்எல்எம்மிலும் ரகசியச் சாவி ஒன்றைக் கேட்கும்படி அமைக்கமுடியும். ஒலாமாவைத் தனியே நிறுத்தினால் அந்தப் பூட்டு கிடையாது. அதற்கு முன்னால் கடவுச்சொல் கேட்கிற வேறொரு மென்பொருளைக் காவலுக்கு வைக்கவேண்டும். வெளியூரிலிருந்து வருவதற்கு விபிஎன் என்னும் அந்தரங்க வலைவழி ஒன்றே தகுந்த வழி.

இத்தனையும் கிரமமாக அமைந்த பிறகு, யந்திரத்துக்கு நம் தொழிலின் பாஷை எவ்வளவு தெரியும் என்ற கேள்வி எழுகிறது. விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதவேண்டும் என்ற முயற்சியில் கொங்கு நாட்டார் பின்தங்கியவர்களல்லர். தி.சு.அவினாசிலிங்கம் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தைத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தவர் பெ.தூரன். பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஜி.ஆர்.தாமோதரன் கோவையிலிருந்தே கலைக்கதிர் என்ற விஞ்ஞானப் பத்திரிகையை நடத்தினார். ஆனால் மாடல்கள் படித்தது பெரும்பாலும் இணையத்தில் கிடைத்ததை. அதில் தமிழின் பங்கு மிகச் சிறியது, தொழிற்கூடத் தமிழின் பங்கு அதனினும் சிறியது. திருப்பூரில் பவர் டேபிள் என்றால் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற கூடம் என்பது ஊருக்கே தெரியும்; மாடல் அதை ஏதோ மின்சார மேஜை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற பண்பும் அதற்கு இயல்பாக இல்லை. விலை, தேதி, அளவு முதலிய விஷயங்களில் கற்பனை வேண்டாத இடத்தில், டெம்பரேச்சர் என்ற அமைப்பை பூஜ்யத்துக்கு அருகில் வைப்பது ஓரளவு உதவும். ஆனால் அது பதிலின் அலைச்சலைக் குறைக்குமேயொழியப் பொய்யை மெய்யாக்காது. அதைவிடப் பிரயோஜனமானது, நம் பழைய ஆவணங்களிலிருந்தே விடை தெரிந்த கேள்விகள் சிலவற்றை எழுதி வைத்துக்கொண்டு, மாடலையோ அமைப்பையோ மாற்றும்போதெல்லாம் அவற்றைக் கேட்டு ஒப்பிடுவது.

பட்டறையின் வழக்குச் சொற்களைப் பொருளோடு ஒரு சிறு அகராதியாக எழுதி, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மாடல் படிக்கும்படி வைத்துவிடுவதும் நல்ல உபாயம். ஆனால் அந்த அகராதியும் துணுக்குகளாகத்தான் உள்ளே போகிறது: மொத்தம் 200 தமிழ்ச் சொல் என்றால், நம் கணக்குப்படி ஒவ்வொரு தடவையும் 1,600 துணுக்கு. சம்பாஷணையின் நீளம் 4,096-ஆக இருக்கும்போது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். அகராதியை 50 சொல்லாகச் சுருக்குவதா, நீளத்தை 8,192 ஆக்கி நினைவகத்தில் ஆளுக்கு 1 ஜிகாபைட் விட்டுக்கொடுப்பதா, அல்லது ஒரே சமயத்தில் கேட்கிறவர்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைப்பதா என்பதை, எந்தச் சொற்களை யந்திரம் தப்பாகப் புரிந்துகொள்கிறது என்று அறிந்த ஃபோர்மேனும், எத்தனை பேர் எப்போது கேட்பார்கள் என்று அறிந்த கணக்குப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்துதான் தீர்மானிக்க முடியும். கார்டு விற்ற கடைக்காரருக்கு அது தெரியாது.